டிராம் பெட்டியில் கடல் மணல்

பிள்ளைகளே, போன மாதம் ஒரு சாயங்காலம் வெற்றிலை வாங்கிவரப் போகிறேன் என்று நான் எழுந்து போனது உங்களுக்கு நினைவிருக்கும். வீட்டில் வெற்றிலை இருந்தது. உங்கள் அம்மா அதைச் சொல்லவும் சொன்னாள். நான் காதில் விழாதவன் மாதிரி செருப்பை மாட்டிக்கொண்டு போனேன்.

அதற்கு முன் நடந்தது இதுதான். உங்களில் மூத்தவள் பரீட்சைக்காகப் பௌதிகப் புத்தகத்தை உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள். ஓடுகிற பொருள் தானாக நிற்காது, ஏதாவது ஒன்று அதைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. எடை கூடினால் நிறுத்துவது கஷ்டம், வேகம் கூடினால் அதைவிடக் கஷ்டம் என்றும் போட்டிருந்தது. வாசிப்பை நிறுத்திவிட்டு அவள் கேட்டாள்:

“அப்பா, நீங்க டிராம் ஓட்டினவர்தானே? மழையில பிரேக் போட்டா எவ்வளவு தூரம் போய் நிக்கும்?”

நான் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து மூடினேன்.

“அப்பாவுக்கு அதெல்லாம் தெரியாதுக்கா. அப்பா மணி மட்டும்தான் அடிப்பாரு,” என்றான் சின்னவன். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அப்புறம்தான் வெற்றிலை.

எனக்குத் தெரியும். தேர்டு பாரத்தோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, படிப்பை விட்டவன் நான். கணக்குப் போட்டுச் சொல்ல வராது. ஆனால் ஆபீஸ் நேரத்துக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு, தூறலில், நல்ல ஓட்டத்தில் வருகிற டிராம் நல்ல மணல் போட்டால் பதினைந்து தப்படியில் நிற்கும். என் டிராம் ஒரு நாள் முப்பது தப்படி போயும் நிற்கவில்லை. விசாரணையில் அந்த முப்பது தப்படியை நான் பத்தடி என்று சொன்னேன். அதைத்தான் உங்களுக்கு எழுதப் போகிறேன். வாயால் சொல்ல உட்கார்ந்தால் மறுபடியும் வெற்றிலை வாங்கப் போய்விடுவேன்.

நீங்கள் டிராமில் ஏறி உட்கார்ந்தவர்கள். ஓட்டுகிறவன் நிற்கிற இடத்தில் நின்று பார்த்ததில்லை. முன்மேடையில் நின்றபடியேதான் ஓட்ட வேண்டும். இடது கையில் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கிற பித்தளைக் கைப்பிடி. வலது கையில் பிரேக். ஒரு காலுக்கு மணி. இன்னொரு காலுக்கு மணல் மிதி. முன் பெஞ்சுக்கு அடியில் ஒரு மரப்பெட்டி இருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் முன்சக்கரத்துக்குச் சற்று முன்னால் தண்டவாளத்தைப் பார்த்து இறங்கும். மிதியை மிதித்தால் பெட்டி மணல் கோடு போட்ட மாதிரி தண்டவாளத்தின் மேல் விழும். சக்கரம் அதை நறநறவென்று அரைத்துக்கொண்டு ஏறும்.

டிராமை நிறுத்துவது பிரேக் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பிரேக் சக்கரம் சுற்றுவதை மட்டும்தான் நிறுத்தும். அதற்குப் பிறகு வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டியது தண்டவாளம். இரும்பின் மேல் இரும்பு. உலர்ந்திருந்தால் கவ்வும், நனைந்தால் எண்ணெய் தடவின மாதிரி ஆகிவிடும். பெருமழையைக்கூடச் சமாளிக்கலாம், அது ரோட்டைக் கழுவிவிடும். மழை தொடங்குகிற முதல் பத்து நிமிஷம்தான் பொல்லாதது. தூசியும் சாணியும் உதிர்ந்த இலையும் குழைந்து தண்டவாளத்தின் மேல் பசை மாதிரி படிந்துவிடும். அந்த நேரத்தில் மணல்தான் துணை. மூத்தவளின் புத்தகம் இதற்கு உராய்வு என்று பெயர் சொல்கிறது. நாங்கள் ‘பிடி இல்லை’ என்று சொல்லுவோம்.

இனி, அந்த மணல் எங்கே போனது என்று சொல்கிறேன்.

ஜெர்மன் சண்டை தொடங்கிய மறு வருஷம் அது. மூத்தவளுக்கு ஐந்து வயது. கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் பாலர் வகுப்பில் சேர்த்திருந்தோம். ஸ்லேட்டைத் தொடுவதற்கு முன் மணலில் விரலால் எழுதிப் பழக வேண்டும். தகரத் தட்டு பள்ளிக்கூடத்தில் கொடுப்பார்கள். மணல் வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். சாந்தோமில் குடியிருக்கிறவனுக்கு மணலுக்கா பஞ்சம்? தெருமுனை தாண்டினால் கடல். ஒரு பை அள்ளிக் கொடுத்தேன். மத்தியானம் அவள் அழுதுகொண்டு வந்தாள். கிளிஞ்சல் துண்டு விரல் நுனியைக் கீறிவிட்டது. மணலும் ஈரம், ‘அ’ போட்டால் சுழி மூடிக்கொள்கிறதாம்.

எங்கள் டிராம் ஷெட்டில் கொடுக்கிற மணல் வேறு தினுசு. ஆற்று மணலைச் சலித்து, பெரிய இரும்புத் தட்டில் போட்டு, அடியில் கரியடுப்பு வைத்து வறுத்தெடுப்பார்கள். கையில் எடுத்தால் ரவை மாதிரி வழிந்து போகும். அன்று வேலை முடிந்ததும் என் பெட்டியில் மிச்சமிருந்ததில் நாலு கை அள்ளி வந்து கொடுத்தேன். அடுத்த நாள் மூத்தவள் குதித்துக்கொண்டு வந்தாள். “என் மணல்தாம்பா நல்லா எழுதுது! மதர் எல்லாருக்கும் எடுத்துக் காட்டினாங்க!”

அதோடு நின்றிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது அந்த மதர் என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் நாலைந்து வாத்தியார் குடும்பங்கள் நின்றன.

“டிராம் ஓட்டறது நீங்கதானா? அந்த மணல் எங்கே கிடைச்சுது உங்களுக்கு? மத்த பிள்ளைங்களுக்கும் கொஞ்சம் கிடைச்சா நல்லா இருக்கும்.”

“எவ்வளவு வேணும்னாலும் தரேன் மதர்,” என்றேன்.

அந்த வாத்தியார்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். டிராம்காரனை அவர்கள் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வை எனக்கு ருசித்தது. பிள்ளைகளே, இதில் மகளின் விரலைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ருசி கண்டவன் நான்.

ஆனால் மணல் என்னுடையதா, அள்ளிக் கொடுக்க? கரிக்குத் தட்டுப்பாடு என்று ஷெட்டில் ஓட்டுகிறவனுக்கு நாளுக்கு ஒரு டின் மணல்தான் அளந்தார்கள். இரண்டாவது டின் கேட்டேன். மணல் வறுக்கிறவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னாய்யா, நேத்துகூட வந்து நின்னே. மணல துன்றியா? ஊட்ல சோறு போடலியா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை. எனவே எனக்கு வருகிற ஒரு டின்னில் பாதியைப் பள்ளிக்கூடத்துக்கென்று பையில் கட்டினேன். குறைந்த பாதிக்குக் கடற்கரை மணலை அள்ளி, மாடியில் இரண்டு நாள் வெயிலில் காயப்போட்டு, உங்கள் அம்மாவின் சல்லடையில் சலித்துக் கலந்துவிட்டேன். உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தேன்; பறந்தது. ஆற்று மணலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன். சமையலறை உப்பு ஜாடி மழைக்காலத்தில் எப்படிக் கசிகிறது என்பதை நான் தினமும் பார்த்தவன்தான். கடல் மணலில் உப்பு உண்டு, உப்பு ஈரத்தை இழுக்கும் என்பது அப்போது புத்தியில் தட்டவில்லை. கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவன் செய்த தப்பு அது. வெளியூர்க்காரன் யாரும் செய்திருக்கமாட்டான். அவனுக்குக் கடல் மணலை அள்ளத் தோன்றியே இருக்காது.

பத்து நாள் ஒன்றும் ஆகவில்லை. மழை இல்லை, மிதியை மிதிக்க வேண்டிய அவசியமும் வரவில்லை.

பதினோராம் நாள் காலை லஸ் முனையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். ஆபீஸ் போகிறவர்கள் படி வரைக்கும் நின்றார்கள். தூறல் ஆரம்பித்து ஐந்து நிமிஷம் இருக்கும். ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரத்தைத் தாண்டும்போது எனக்கு முன்னால் தண்டவாளத்தின் மேலேயே ஒரு ஜட்கா போவதைப் பார்த்தேன். அது புதிது அல்ல. ரோட்டை விடத் தண்டவாளம் வழவழப்பு, குதிரைக்கு இழுப்பு லேசு என்று ஜட்காக்காரர்கள் எல்லோரும் அதில்தான் சக்கரத்தை விட்டு ஓட்டுவார்கள். பின்னால் மணி கேட்டால் விலகுவார்கள். அவர்கள் விலகி முடிகிறவரை நாங்கள் வேகத்தைக் குறைப்போம். யாரும் எழுதி வைக்காத ஏற்பாடு. ஆனால் இரண்டு பக்கமும் அதை நம்பித்தான் ஓட்டினோம்.

வண்டிக்காரர் எனக்குத் தெரிந்தவர். ஐம்பது வயது பாய். லஸ் முனையில் வண்டி நிறுத்துகிறவர். பழுப்புக் குதிரை, ஒரு முன்னங்கால் மட்டும் வெள்ளை. என்னைப் பார்க்கும்போதெல்லாம், “இன்னா நைனா, உன் குதிர இன்னிக்கி எப்டி ஓடுது?” என்பார். “புல்லே கேக்கறதில்ல பாய்,” என்பேன். தினமும் இதே பேச்சு, தினமும் சிரிப்போம்.

மணி அடித்தேன். அவர் திரும்பிப் பார்க்காமல் ஒரு கையை மட்டும் தூக்கினார். “நவுந்துகினேன் நைனா, நவுந்துகினேன்!”

நகர்ந்துகொண்டுதான் இருந்தார். ஆனால் ஜட்காவின் சக்கரம் தண்டவாளப் பள்ளத்தில் உட்கார்ந்திருந்தது. உலர்ந்த நாளில் கடிவாளத்தை ஒரு பக்கம் இழுத்தால் சக்கரம் ஏறி வெளியே வந்துவிடும். ஈரத்தில் ஏறாது, பள்ளத்துக்குள்ளேயே வழுக்கிக்கொண்டு போகும். குதிரை பக்கவாட்டில் இழுக்கிறது, சக்கரம் நேராகவே போகிறது. எனக்கும் அவருக்கும் நடுவில் முப்பது தப்படி இருந்தது. தாராளமான தூரம். நான் பதறக்கூட இல்லை. மின்சாரத்தை நிறுத்திப் பிரேக்கைப் போட்டேன்.

சக்கரம் நின்றது. டிராம் நிற்கவில்லை.

அந்த உணர்ச்சியை எப்படிச் சொல்வது? காலடியில் கடகடவென்று இருந்த சத்தம் சட்டென்று அடங்கிப்போகும். சத்தம் அடங்கினால் நின்றுவிட்டது என்றுதான் உடம்புக்குத் தோன்றும். ஆனால் இரு பக்கமும் வீடுகள் பின்னால் போய்க்கொண்டே இருக்கும். படகில் போகிற மாதிரி. மணல் மிதியை மிதித்தேன். காலுக்கடியில் நறநறப்பு வர வேண்டும், வரவில்லை. இன்னும் அழுத்தி மிதித்தேன். இரண்டு கால் பலத்தையும் போட்டு மிதித்தேன். கடைசி வழி ஒன்று உண்டு. கைப்பிடியைப் பின்னோட்டத்துக்குத் திருப்புவது. திருப்பினேன். சக்கரங்கள் பின்பக்கமாகச் சுற்றின. டிராம் முன்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

வேகம் என்ன பெரிய வேகம்? ஓடுகிற ஒரு ஆளின் வேகம்தான். ஓடுகிற ஆள் வந்து மோதினால் ஜட்கா அசையாது. ஆனால் மோதியது இரும்பும் மரமும் அறுபது எழுபது ஆட்களும் சேர்ந்த எடை. ஜட்காவின் பின்புறம் உள்ளே நசுங்கியது. வண்டி முன்னால் எகிறியது. உடம்பு இருந்த இடத்திலேயே இருக்கப் பார்த்ததால் பாய் பின்பக்கமாகச் சாய்ந்து, வண்டி உடைந்ததும் பக்கவாட்டில் கீழே விழுந்தார். குதிரைக்கு ஓட இடம் இல்லை. அதன் பின்கால் இரண்டும் வண்டியின் சட்டத்துக்கும் தரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டன. டிராமுக்குள் நின்றவர்கள் எல்லோரும் ஒன்றாக முன்னால் சாய்ந்தார்கள். யாருடையதோ அடுக்குப் பாத்திரம் என் காலைத் தாண்டி உருண்டு ரோட்டில் விழுந்து, நாங்கள் நின்ற பிறகும் கொஞ்ச தூரம் ஓடியது. அதைத்தான் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். குதிரையின் பக்கம் திரும்பவில்லை.

“என்னய்யா ஓட்டறீர் நீர்? பின்னாடி இத்தனை மனுஷா இருக்கோம்னு ஞாபகம் இருக்கா?” என்று கூப்பாடு போட்டார் ஒரு மயிலாப்பூர் பெரியவர். அப்புறம் அவரே குதிரையைப் பார்த்துவிட்டு, “ராமா, ராமா,” என்று குடையால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

நான் பெஞ்சைத் தூக்கிப் பெட்டிக்குள் கையை விட்டேன். மேலே மணல் உதிரியாகத்தான் இருந்தது. அடியில், குழாய் வாயில், வெல்லக்கட்டி மாதிரி இறுகிப்போய்க் கிடந்தது. விரலால் குத்தினேன். ஈரம். நாக்கில் வைத்தேன், கரித்தது.

கண்டக்டர் பின்னால் வந்து நின்றான். என்னைவிடச் சின்னவன்.

“இன்னா அண்ணாத்தே, மணல் வுழலியா?”

“விழுந்தது,” என்றேன்.

அவன் பெட்டியைப் பார்த்தான், என் விரலைப் பார்த்தான், பெஞ்சை இறக்கி மூடினான். “வுழுந்துச்சு. நான் பாத்தேன். வுடு.”

அதற்குள் தூறல் பெருமழையாகிவிட்டது. ஐந்து நிமிஷத்தில் தண்டவாளம் அலம்பினாற்போல ஆயிற்று. அதில் மணல் விழுந்ததா இல்லையா என்று இனி எந்த மனுஷனும் சொல்ல முடியாது. மழை எனக்குச் சாட்சியாக வந்து நின்றது. குதிரையை மழையிலேயே முடித்துவிட்டார்கள். மிருக ஆஸ்பத்திரி ஆள் வந்து பார்த்து, இனி ஆகாது என்று சொல்லிவிட்டார். பாய்க்குத் தோள்பட்டை உடைந்திருந்தது. அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு குதிரையின் தலைமாட்டில் உட்கார்ந்து அதன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

விசாரணை ஒரு வாரம் கழித்து டிராம் கம்பெனி ஆபீசில் நடந்தது. கேட்டவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

“பிரேக் சரியா இருந்ததா?”

“இருந்துதுங்க.”

“மணல் போட்டீரா?”

“போட்டேனுங்க.”

“மணல் போட்டும் நிக்கலையா? எவ்வளவு தூரத்துல ஜட்காவைப் பார்த்தீர்?”

எனக்கு வீட்டில் மூன்று பிள்ளைகள், கடைசிக் குழந்தைக்கு நாற்பது நாள். இப்படியெல்லாம் எழுதி என்னை நியாயப்படுத்திக்கொள்ள மாட்டேன். அந்த நிமிஷம் உங்களை நான் நினைக்கவே இல்லை. ‘மணலை எங்கே கொண்டுபோனே?’ என்று அவர் கேட்டால் ஷெட்டில் சிரிப்பார்களே, கோயில் வாசலில் அந்த வாத்தியார்கள் பார்ப்பார்களே என்பதைத்தான் நினைத்தேன்.

“பத்தடி இருக்குமுங்க. திடீர்னு தண்டவாளத்துக்குள்ள திரும்பிட்டாருங்க.”

கண்டக்டரும் அதையே சொன்னான். வெளியே வந்ததும் என் தோளில் தட்டினான். “நம்ம ஆள வுட்டுக் குடுப்பேனா அண்ணாத்தே? டீ வாங்கிக் குடு.” வாங்கிக் கொடுத்தேன். என்னால் அவனும் பொய்யனானான். பாயின் ஜட்கா லைசென்சைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை கோயிலில் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். “ஒரு பொய் சொன்னேன் சாமி,” என்றேன். “யாருக்காவது அதனால நஷ்டமா?” என்று சாமியார் கேட்டார். “பெரிசா இல்ல சாமி,” என்றேன். மாதாவைப் பார்த்து மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் பூசை முடிந்து அந்த மரத்திலிருந்து ஜட்கா நொறுங்கிய இடம் வரை நடந்து பார்த்தேன். முப்பது தப்படி. இரண்டு தரம் நடந்தேன், குறையவில்லை.

அதற்கும் அடுத்த மாதம் பாய் என்னைத் தேடி வந்தார், கையைத் துணியில் கட்டிக்கொண்டு. டிராம் கடைசி நிறுத்தத்தில் நிற்கும்போது முன்மேடைக்குக் கீழே வந்து நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அப்படித் திட்டியிருந்தால் உண்மை வெளியே வந்திருக்கும் என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது.

“மனசுல வெச்சுக்காதே நைனா,” என்றார். “என் தப்புதான். சீக்கிரம் நவுந்துருக்கணும். உன் வேல போயிருந்தா இன்னா ஆவுறது? புள்ளகுட்டிக்காரன்.”

நான், “பரவாயில்ல பாய்,” என்றேன். அந்தச் சொல்லைத்தான் சொன்னேன். மன்னிக்கிறவன் சொல்கிற சொல்.

பிறகு அவர் கைரிக்‌ஷா இழுக்க ஆரம்பித்தார். குதிரை இருந்த இடத்தில் அவரே நின்று இழுத்தார், ஒரு தோள் இறங்கிப்போய். ஒரு நாள் என் டிராமுக்கு முன்னால் தண்டவாளத்தில் போய்க்கொண்டிருந்தார். மணி அடிக்க வேண்டும், கால் எழவில்லை. பின்னால் இருந்தவர்கள் கத்தியதும் அடித்தேன். அவர் கையைத் தூக்கினார். “நவுந்துகினேன் நைனா, நவுந்துகினேன்!” அந்த வாரமே ஷெட்டில் போய் நின்று, கண் சரியாகத் தெரியவில்லை, ஓட்டும் வேலை வேண்டாம் என்று சொன்னேன். உங்கள் அம்மாவிடமும் அதையே சொன்னேன். மணல் வறுக்கிற இடத்தில் போட்டார்கள். ஒன்பது வருஷமாக மணல் வறுக்கிறேன். கண் எனக்கு நன்றாகத் தெரிகிறது.

வெற்றிலை வாங்கப் போன மறு ஞாயிறு நான் ஆதம்பாக்கம் போனேன். பாய் அங்கே மகள் வீட்டில் இருப்பதாக லஸ் முனையில் சொன்னார்கள். வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அடையாளம் தெரிந்துகொண்டு, “அட, நைனா! குதிர எப்டி ஓடுது?” என்றார்.

நான் நின்றபடியே சொன்னேன். மகள், பள்ளிக்கூடம், மதர், கடல் மணல், பத்தடி எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் அவர் ஒன்று கேட்டார்.

“நெசமா எவ்ளோ தூரம் இருந்துச்சு?”

“முப்பது தப்படி பாய்.”

“நல்ல மணல் இருந்தா?”

“பதினஞ்சுல நின்னிருக்கும்.”

“அப்போ பாதி தூரத்துலயே நின்னுருக்கும்.” அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “நான் நவுந்துகினுதான் இருந்தேன். சரியாத்தான் நவுந்துகினு இருந்தேன்.”

“ஆமா பாய்.”

“நானே கொன்னுட்டேன்னு ஒம்போது வருசமா அந்த வாயில்லா ஜீவன் கிட்ட மாப்பு கேட்டுகினு கீறேன். தெரியுமா உனுக்கு? தொழுவுறப்பல்லாம் கேக்குறேன். கால் மாட்டிகினு என்னையே பாத்துச்சு நைனா அது. நீதான் நவுறலன்னு சொல்ற மாதிரி பாத்துச்சு.” குரல் உயர்ந்தது. உள்ளேயிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். “குதிர போச்சு, லைசென்சு போச்சு, தோளு போச்சு. அத்தெல்லாம் அல்லா குடுத்தாரு, எடுத்துக்கினாரு. என் மேல தப்பில்லன்ற இத்த நீ எடுத்துக்கினு பூட்டியே!”

நான் அவர் காலைத் தொடக் குனிந்தேன். காலை இழுத்துக்கொண்டார்.

“ஆபீசுல சொன்னியா?”

“இல்ல பாய்.”

“இப்போ சொல்லி இன்னா ஆவப்போது. குதிர வருமா? போ. எதிர்ல நிக்காத. போயிடு.”

வந்துவிட்டேன். ஆபீசில் நான் இன்னும் சொல்லவில்லை. கோபத்தில் அவர் சொன்னதை அனுமதி மாதிரி மடித்து வைத்துக்கொண்டேன் என்பது எனக்குத் தெரிகிறது. கண்டக்டரின் வேலையும் போய்விடும் என்று ஒரு சாக்கும் வைத்திருக்கிறேன். உங்களிடம் சொல்வதற்கே ஒன்பது வருஷம் ஆயிற்று.

மகளே, நீ விரலால் எழுதிப் பழகிய அந்த மணலில் கொஞ்சம் ஒரு பிஸ்கட் டின்னில் கட்டிலுக்கடியில் இருந்தது. உன் தம்பிகள் இருவரும் அதில்தான் எழுதப் பழகினார்கள். ஆதம்பாக்கத்திலிருந்து வந்த மறுநாள் விடியற்காலை தூறல் விழுந்தது. நீங்கள் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். நான் டின்னை வேட்டியில் மறைத்துக்கொண்டு லஸ் வழியாக நடந்து அந்தத் தூங்குமூஞ்சி மரத்துக்குப் போனேன். மரத்தடியில் இருந்து தொடங்கி, குனிந்து, ஒவ்வொரு பிடியாக இரண்டு தண்டவாளத்தின் மேலும் போட்டுக்கொண்டே போனேன். மணல் நன்றாகக் காய்ந்திருந்தது, விரலிடுக்கில் வழிந்தது. பதினாறாவது தப்படியில் டின் காலியாகிவிட்டது. பின்னால் முதல் டிராம் மணி அடித்தது. ஒதுங்கி நின்றேன். சக்கரம் அதன் மேல் ஏறி நறநறத்துக்கொண்டு போனது. டின்னைக் கவிழ்த்து அடியில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, மழையில் நனையாமல் மூடி போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன்.